நாலாவது துணை கமாண்டர்

இந்த ஊரில் என் தம்பியைத் திட்டாதவர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் டிவி இல்லை என்று அர்த்தம். பஸ்ஸில் திட்டியிருக்கிறார்கள், ரொட்டிக் கடை வரிசையில் திட்டியிருக்கிறார்கள். ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்கப் போனான். டாக்டர் அவன் வாயில் பஞ்சை அடைத்து, ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்துப் பார்த்து, "நீதானேய்யா போன வாரம் கதவைத் தொறந்துவிட்டது?" என்று கேட்டிருக்கிறார். இவன் பஞ்சோடு ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறான். நானாக இருந்தால் அந்தப் பஞ்சை எடுத்து டாக்டர் வாயில் திணித்துவிட்டு வந்திருப்பேன். இவன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தான்.

அவன் சுபாவம் அப்படி. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அவனுக்கு எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் இருந்த கோபத்தையெல்லாம் மூத்தவள் எனக்கே கொடுத்துவிட்டார்கள், இவன் பிறந்தபோது பாத்திரம் காலி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறோம். ஸ்டுடியோ என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய டயர் கிடங்கு, மேலே தகரக் கூரை. மழை பெய்தால் படப்பிடிப்பு நின்றுவிடும், விண்வெளியில் மழைச் சத்தம் கேட்கக் கூடாதாம். உள்ளே பிளைவுட்டில் செய்த ஒரு விண்கலம் நிற்கிறது. அதன் பொத்தான்கள் எல்லாம் பாட்டில் மூடிகள், எஞ்சின் ஒரு பழைய வாஷிங் மெஷின். வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் வரும் அந்தத் தொடரை ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். நான் அங்கே தையல்காரி. தம்பி கதவுக்காரன்.

கதவுக்காரன் என்றால் வாசலில் நிற்கும் காவல்காரன் இல்லை. விண்கலத்துக் கதவு, ஆள் பக்கத்தில் வந்ததும் தானாகப் பிளந்து இரண்டு பக்கமும் ஓட வேண்டும். தானாக எங்கே ஓடுகிறது! சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பு பல்பு எரிந்ததும் இழுக்க வேண்டும். வலது கதவுக்கு என் தம்பி, இடது கதவுக்கு அவன் கூட்டாளி. ஸ்டுடியோவில் இவனுக்கு 'வலது' என்று பெயர், அவருக்கு 'இடது' என்று பெயர். இரண்டு பேரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ஒருத்தர் தும்மினால் ஒரு கதவு முன்னால் ஓடிவிடும், மற்றதில் யாராவது போய் முட்டிக்கொள்வார்கள். அதனால் பல்பு எரிகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வருஷக்கணக்காக அதுதான் என் தம்பியின் பிழைப்பு, அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது துணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடரில் ஒரு கமாண்டர் உண்டு. பார்க்க லட்சணமாக இருப்பார், ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அவருக்குக் கீழே ஒரு துணை கமாண்டர், வாரா வாரம் ஏதாவது பொத்தானைத் தொட்டு எதிரிகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிற ஆள். எல்லாரும் அவரைத் 'துணை' என்று சுருக்கிவிட்டார்கள். இந்தத் துணையாக யார் நடித்தாலும் ஜனங்களுக்கு ஆகாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

முதலில் நடித்தவர் நாடகத்திலிருந்து வந்த பெரியவர், கணீரென்ற குரல். "பாடம் நடத்துறான்" என்றார்கள், அவர் போனார். அடுத்து வந்தவன் சின்ன வயசு, அழகான பையன். "மூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது, பெரியவர் எவ்வளவு நல்லா பண்ணாரு" என்றார்கள். யாரு, பாடம் நடத்துகிறார் என்று விரட்டினார்களே, அதே பெரியவர்தான்! அவனும் போனான். மூன்றாவதாக ஒரு நடிகை வந்தாள், நல்ல உயரம், நல்ல நடிப்பு. "பொம்பளையைப் போட்டுக் கெடுத்துட்டாங்க, அந்தப் பையன் தங்கம்" என்றார்கள்.

எனக்கு எள்ளும் கொள்ளும் வெடித்தது எதற்குத் தெரியுமா? "துணையோட சட்டை முன்னாடி நல்லா இருந்துச்சு, இப்ப கண்றாவியா இருக்கு" என்று ஒருத்தி டிவிக்காரர்களுக்கு எழுதினாள். அடியே, அது ஒரே சட்டைதான்! கடுகு நிறத்தில் ஒரே ஒரு சட்டை. பெரியவருக்கு வயிற்றில் விட்டேன், பையனுக்குத் தோளில் பிடித்தேன், நடிகைக்கு எல்லா இடத்திலும் பிரித்துத் தைத்தேன். துணி மாறவில்லை, பொத்தான் மாறவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது, இந்த ஜனங்கள் ஆளைத் திட்டவில்லை என்று.

எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் இருந்தார், தம்பியின் மாமியார். தம்பி, அவன் பெண்டாட்டி, மாமியார் மூன்று பேரும் ஒரு வீட்டில், நான் எதிர்வீட்டில். தம்பி பெண்டாட்டிக்கு மருந்துக் கடையில் வேலை, சாது. மாமியாரோ தொடரின் ரசிகர் குழுவுக்குச் செயலாளர். சனிக்கிழமை சாயங்காலம் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, மடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்வார். துணை திரையில் வந்ததும் அந்தத் தலையணை பறக்கும். "நாசமாப் போறவனே, உன்னை யாருடா அந்தப் பொத்தானைத் தொடச் சொன்னது?" என்று தொண்டை கிழியக் கத்துவார். மூன்று துணைகளுக்கும் சேர்த்து மூன்று தலையணை கிழிந்தது. தைத்துக் கொடுத்தது நான்தான்.

ஒருநாள் ஸ்டுடியோவில் கதவுக்கு மோட்டார் வந்து இறங்கியது. இனிமேல் பொத்தானை அழுத்தினால் கதவு ஓடும், வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். இடது அன்றைக்கே போய் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலையில் சேர்ந்துகொண்டார். தம்பி தன்னுடைய தண்ணீர் பாட்டிலையும், உட்கார்ந்து தேய்ந்த மணையையும் பையில் போட்டுக்கொண்டு நின்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பழகிடும்கா" என்றான். அவன் வாயிலிருந்து வரும் ஒரே மந்திரம் அது.

அதே நேரத்தில்தான் மூன்றாவது துணை, அந்த நடிகை, இனி வர மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் வீட்டுக் கதவில் யாரோ 'இதையும் தொறந்து விடு' என்று எழுதி ஒட்டிவிட்டார்களாம். படப்பிடிப்பு தயார், விளக்கெல்லாம் எரிகிறது. டைரக்டர் யாருக்கெல்லாமோ போன் போட்டார். துணை வேஷம் என்றதும் ஒருத்தருக்கு ஜுரம், ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் டைரக்டர் என்னிடம் திரும்பி, "ஏம்மா, இந்தச் சட்டை இங்க யாருக்குச் சேரும்? பிரிச்சுத் தைக்க நேரமில்ல" என்றார்.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தேன். விளக்குக்காரருக்குத் தொப்பை. கேமராக்காரருக்குக் கை நீளம். டைரக்டருக்கே போட்டுப் பார்த்தேன், பொத்தான் தெறித்துவிட்டது. வாசல் பக்கம் பையோடு போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு மாட்டினேன். தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"ஐயோ, எனக்கு நடிக்கத் தெரியாது சார்" என்றான்.

"யாரு நடிக்கச் சொன்னா? நில்லு. பொத்தானை அழுத்து. எப்படியும் திட்டத்தான் போறாங்க" என்றார் டைரக்டர்.

வேலை போனவனுக்கு வேலை வந்ததே என்று ஒத்துக்கொண்டான். முதல் ஷாட்டிலேயே ஒரு கூத்து. எதிரிக் கப்பல் வருகிறது என்று காட்ட, பலகையில் ஒரு சிவப்பு பல்பு எரிய வேண்டும், துணை திடுக்கிட வேண்டும். பல்பு எரிந்தது. இவன் திடுக்கிடவில்லை. வருஷக்கணக்கான பழக்கம், வலது கை தானாகத் தூக்கிக்கொண்டு போய் இல்லாத கயிற்றைப் பிடித்து 'சர்'ரென்று காற்றை இழுத்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் இழுத்தான். எத்தனை தடவை எடுத்தாலும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் கை நிற்கவில்லை. டைரக்டர் சலித்துப்போய், "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. எதிர்வீட்டிலிருந்து நானும் போய் உட்கார்ந்தேன். மாமியார் சோபாவின் நடுவில், தலையணை மடியில். அவருக்கு வலப்பக்கம் தம்பி, ரொட்டியும் முட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு. திரையில் துணை வந்தான், பல்பு எரிந்தது, காற்றை இழுத்தான், கதவைத் திறந்துவிட்டான், எதிரிகள் உள்ளே புகுந்தார்கள். தலையணை பறந்தது.

"எடுபட்ட பயலே! கூறுகெட்டவனே! முந்தி இருந்தவளே தேவலையேடா!" என்று கத்திய மாமியார், அதே மூச்சில் பக்கத்தில் திரும்பி, "மாப்பிள்ளை, இன்னொரு முட்டை வச்சுக்கங்க, எளைச்சுப் போயிட்டீங்க" என்றார்.

"அம்மா, அது அவருதாம்மா" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"தெரியும்டி. எனக்கென்ன கண்ணா தெரியல? ஆனா அவன் வேற, இவரு வேற" என்றார் மாமியார். சொல்லிவிட்டு, "செத்துத் தொலைடா!" என்று மறுபடியும் திரையைப் பார்த்துக் கத்தினார். தம்பி முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மாமியாராவது பரவாயில்லை, முட்டை வைத்தார். மற்றவர்கள் அதுகூட வைக்கவில்லை. தெருவில் போனால் பிள்ளைகள் காற்றை இழுத்துக் காட்டுவார்கள். கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது, "சார், கடைக் கதவை மட்டும் தொட்டுறாதீங்க" என்பார். "வலது கை விளங்காம போக" என்று ஒருத்தி எழுதினாள். நான் போகிற இடமெல்லாம் சண்டை. ரொட்டிக் கடையில் ஒருவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன், அவன் ரொட்டி வாங்காமலே ஓடினான். தம்பியோ, "விடுக்கா. பாத்துட்டுத்தானே திட்டுறாங்க. கதவுக்குப் பின்னாடி இருந்தப்ப என்னை யாரு பாத்தா?" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். அவனுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பொறுக்க முடியாமல் கதாசிரியரிடம் போனேன். அவரை எல்லாரும் 'முட்டுச்சந்து' என்பார்கள். அவர் எழுதும் கதை பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அதற்கப்புறம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? வாரா வாரம் என் தம்பி கையாலதான் கதவைத் தொறக்கணுமா?" என்றேன்.

"கோச்சுக்காதீங்கம்மா. கதவு மூடியே இருந்தா கதையில என்ன நடக்கும்? எல்லாரும் உள்ள உக்காந்து டீ குடிப்பாங்க. யாராவது ஒருத்தர் தப்பு பண்ணித் தொறந்தாத்தான் மத்தவங்க காப்பாத்த முடியும். கமாண்டர் தொறந்தா ஜனங்க தாங்க மாட்டாங்க. கப்பல்ல இருக்கிற டாக்டரம்மா தொறந்தா மனசு கேக்காது. அதுக்குன்னுதான் துணைன்னு ஒருத்தரை வச்சிருக்கேன்."

"அப்ப யாரு நடிச்சாலும் திட்டுதானா?"

"எங்கப்பா நடிச்சாலும் திட்டுதான்" என்றார் முட்டுச்சந்து. மனுஷர் உண்மையைத்தான் சொன்னார், ஆனாலும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு வழியாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோது டிவிக்காரர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். ஜனங்கள் ரொம்பக் கத்துகிறார்களே, அவர்களையே கேட்டுவிடலாம் என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். துணை இருக்கலாமா, வேண்டாமா? போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வேண்டாம் என்று வந்தால் துணையைக் கலத்திலிருந்து விண்வெளியில் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் என் தம்பிக்கு வேறு போக்கிடம் கிடையாது. நடிகன் என்று இன்னொருத்தன் கூப்பிடப் போவதில்லை. திரும்பப் போய்க் கயிறு இழுக்கலாம் என்றால் அங்கே மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. மருந்துக் கடைச் சம்பளத்தில் மூன்று பேர் எப்படி வாழ்வது என்று எனக்குத் தூக்கம் போனது.

நான் தெருத் தெருவாகப் போய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் மிரட்டி 'இருக்கலாம்' என்று அழுத்தச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் மாமியார் சோபாவில் உட்கார்ந்து போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தார்.

"அத்தை! உங்களுக்கே இது நல்லாருக்கா? உங்க மாப்பிள்ளை பொழப்பு அது!"

"மாப்பிள்ளை வேற, துணை வேறன்னு எத்தனை தடவை சொல்றது? மாப்பிள்ளை சொக்கத் தங்கம். ஆனா அந்தத் துணையை விட்டுவச்சா கப்பலே போயிடும்."

"கப்பல் பிளைவுட்டு அத்தை!"

"பிளைவுட்டா இருந்தா என்ன? உள்ள இருக்கிறவங்க உசுரு உசுரு இல்லையா? நான் குழுவுக்குச் செயலாளர். பொய் ஓட்டு போட மாட்டேன்."

அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் பக்கத்து வீடு, மேல்வீடு எல்லாம் ஜன்னலைத் திறந்துவிட்டது. இனி உங்கள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். தம்பி பின்னாலேயே வந்து, "அத்தை மனசுல பட்டதைச் செஞ்சாங்க, விடுக்கா" என்றான். அவனையும் இரண்டு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

ஓட்டில் துணை படுதோல்வி. நான் மிரட்டியவர்கள்கூட என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், படுபாவிகள்.

கடைசிப் படப்பிடிப்பு. கலத்தின் பெரிய கதவு திறக்க வேண்டும், துணை வெளியே போய் விழ வேண்டும். வெளியே என்றால் கருப்புத் திரையும் கீழே ஒரு மெத்தையும். தம்பி சட்டையெல்லாம் போட்டுத் தயாராக நின்றான். டைரக்டர் கை காட்டினார், மோட்டார் 'உர்' என்றது, கதவு அசையவில்லை. அடித்துப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். மோட்டார்க்காரருக்குப் போன் போட்டால் நாளைக்குத்தான் வருவாராம். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"சார், கயிறு இன்னும் உள்ளதான் இருக்கு. நானே இழுத்துடறேன்" என்றான் தம்பி.

அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். துணை சட்டையோடு சுவருக்குப் பின்னால் போய், இரண்டு கயிற்றையும் இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்துக் கதவைத் திறந்தான். கயிற்றை ஓர் ஆணியில் கட்டினான். சுற்றிக்கொண்டு ஓடி வந்து, மூச்சு வாங்க, தான் திறந்த கதவு வழியாகத் தானே போய் விழுந்தான். விழும்போது கையால் காற்றை ஒரு இழுப்பு இழுத்தான். நான் ஒரு தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன், என் தம்பியை இப்படித் துரத்துகிறார்களே என்று இருந்தது.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. தம்பி வேலை தேடிக் காலையில் போவான், சாயங்காலம் வருவான். போன இடத்தில் எல்லாம், "நீங்க அந்தத் துணை இல்ல? எங்க கிடங்குக் கதவு பத்திரமா இருக்கட்டும், போயிட்டு வாங்க" என்றார்களாம். பழகிடும் என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டான். சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மாமியார் பாடும் அப்படித்தான். சனிக்கிழமை டிவியைப் போட்டுவிட்டு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, எறிய ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். "சப்புன்னு இருக்குடி" என்று மகளிடம் முணுமுணுப்பார். என்னோடு பேச்சு இல்லை என்பதால் இதையெல்லாம் நான் தம்பி பெண்டாட்டி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

கதை மட்டும் நிற்குமா? கதவு திறந்தாக வேண்டுமே. துணை இல்லாத முதல் வாரம் முட்டுச்சந்து டாக்டரம்மாவைத் திறக்க வைத்தார். அதுவரை தேவதை என்று கொண்டாடின ஜனங்கள் அவளை வறுத்தெடுத்துவிட்டார்கள். அவள் மறுவாரம் வாயே திறக்கவில்லை, கதவை எங்கே திறப்பது. வேறு வழியில்லாமல் முட்டுச்சந்து கமாண்டர் கையால் திறந்துவிட்டார்.

அவ்வளவுதான். தலையில் தூக்கி வைத்து ஆடினவர்கள் தொப்பென்று கீழே போட்டார்கள். பெட்ரோல் போடப் போன இடத்தில், "அறிவிருக்காய்யா உனக்கு? பாவம், அந்தத் துணையைப் போய்த் தள்ளிவிட்டீங்களே" என்று ஒருத்தன் கேட்டானாம். கமாண்டர் பிறந்ததிலிருந்து ஒரு திட்டு வாங்காத மனுஷர். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. சட்டையை நான் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன்.

ஒரு நாள் காலையில் தம்பி வீட்டு வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்த நான் சண்டையை மறந்துவிட்டு ஓடினேன். கையில் ஒரு கூடைப் பழத்தோடு கமாண்டர் நின்றார், பக்கத்தில் டைரக்டர். மாமியார்தான் கதவைத் திறந்தார். வருஷக்கணக்காகப் பூஜித்த முகம் வாசலில் நிற்கிறது. மயங்கி விழப் போகிறார் என்று நான் கையை நீட்டினேன்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தீங்க?" என்றார் மாமியார். "பெரிய கமாண்டராம். தொறக்கிறதுக்கு முன்னாடி யாரு வர்றான்னு பாக்கத் தெரியாது?"

உள்ளேயிருந்து வந்த தம்பியைப் பார்த்ததும் கமாண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா அண்ணே? போற எடமெல்லாம் இதேதான். எப்படிண்ணே இத்தனை நாள் தாங்குனீங்க? நீங்க திரும்ப வந்துடுங்க, உங்க கால்ல வேணா விழறேன்."

தம்பி அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "பழகிடும் சார்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பழக வேணாம்ணே, நீங்க வாங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றார் கமாண்டர்.

சம்பளத்தை ஏற்றிக் கேளுடா என்று நான் பின்னாலிருந்து கிள்ளினேன். அவன் தலையைச் சொறிந்தான். "அந்த மோட்டாரை எடுத்துடுங்க சார். இடதை இஸ்திரிக் கடையிலேர்ந்து கூப்பிடுங்க. அவரு வந்தா நானும் வர்றேன்" என்றான். டைரக்டர் உடனே சரி என்றார், மோட்டார் எப்படியும் பாதி நாள் ஓடுவதில்லை.

"விண்வெளியில செத்தவன் எப்படி வருவான்?" என்று நான் முட்டுச்சந்தைக் கேட்டேன். "கதவைத் தொறந்துட்டு வருவான்" என்றார். அதற்குமேல் அவருக்கும் யோசனை ஓடவில்லை போலிருக்கிறது.

படப்பிடிப்புக்கு மாமியாரும் கிளம்பிவிட்டார். "மாப்பிள்ளை செத்த எடத்துக்கு அவரைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அங்கே போனால் ஒரு சிக்கல். இடது கயிற்றுக்கு இடது வந்துவிட்டார். வலது கதவுக்கு ஆள் இல்லை, வலதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறானே. எனக்குத் தோளில் வலி, கையைத் தூக்க முடியாது. மற்றவர்கள் எல்லாம் விளக்கிலும் கேமராவிலும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நகருங்க" என்றார் மாமியார். தம்பி திரும்பக் கொண்டுவந்திருந்த மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார்.

"பல்பு எரியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதும்மா" என்றார் இடது.

மாமியார் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்தார். அந்தப் பக்கம் தம்பியின் காலடிச் சத்தம் கேட்டது. பல்பு எரிவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை, இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. வலது கதவு பாய்ந்து ஓடியது, இடது கதவு பின்னாலேயே ஓடியது. நடுவில் கடுகு நிறச் சட்டையில் என் தம்பி நின்றான். கயிற்றை விடாமலே மாமியார் எட்டிப் பார்த்தார். "நல்லபடியா வந்துட்டாரு" என்று என்னிடம் சொன்னார். சண்டைக்கப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான், நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை நானும் அந்த சோபாவுக்குப் போனேன். மாமியார் நடுவில், புதிதாக நான் தைத்துக் கொடுத்த தலையணை மடியில். தம்பி தட்டோடு அவருக்கு வலப்பக்கம். தன் உள்ளங்கையில் கயிறு உரசிய சிவப்புத் தடத்துக்கு மாமியார் களிம்பு தடவியிருந்தார். திரையில் கமாண்டரும் டாக்டரம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வலது கதவு முந்திக்கொண்டு ஓடியது. துணை நின்றான். சிவப்பு விளக்கைப் பார்த்தான், வலது கையால் காற்றை ஒரு இழுப்பு இழுத்தான்.

தலையணை பறந்து போய் டிவியில் அடித்தது. மாமியார் முகம் பூரித்து, கண்ணில் தண்ணீர் தளும்ப, எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"வந்துட்டான் பாரு, நாசமாப் போறவன்! செத்தும் விடமாட்டேங்கறானே! எந்தப் படுபாவி இவனுக்குக் கதவைத் தொறந்துவிட்டது? அந்தக் கை வெளங்குமா?"

நாங்கள் மூன்று பேரும் திரும்பி அவரைப் பார்த்தோம். மாமியார் தன்னுடைய உள்ளங்கையைப் பார்த்தார். மெல்ல சோபாவில் உட்கார்ந்தார்.

தம்பி தன் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

"பழகிடும் அத்தை" என்றான்.